பொங்குகிற மண்

டிரைவர் வீட்டம்மா மஞ்சள் இலைகளைப் பறித்துக் கோணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கணவர் சொன்ன வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அவருடைய தம்பி வருகிறான். அவன் கண்ணில் படுவதற்குள் பாதையை ஒட்டிய இரண்டு வரிசை மரங்களாவது பச்சையாக ஆகிவிட வேண்டும்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. கை பழகினால் சட்டைப் பொத்தானைக் கழற்றுவது மாதிரி வந்துவிடும். ஆனால் பறிக்கப் பறிக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை. மற்ற மரங்களில் வயசான இலைதான் மஞ்சளாகி விழும். இந்த ஆரஞ்சு மரங்களில் எல்லாம் தலைகீழ். அடிக்கிளையில் இருந்த கிழட்டு இலைகள் கெட்டிப் பச்சையாக உட்கார்ந்திருந்தன. நுனியில் போன வாரம் பிறந்த இலைகள்தான் மஞ்சள், அதிலும் நரம்புகள் மட்டும் பச்சை. மெல்லிய மஞ்சள் காகிதத்தில் யாரோ பச்சைப் பேனாவால் கோடு இழுத்த மாதிரி இருக்கும். மஞ்சளைப் பறிப்பது என்றால் குருத்தைப் பறிப்பது என்று அர்த்தம். ஒரு மரத்தை முடித்துவிட்டு எட்ட நின்று பார்த்தால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளைக்கு அவசரத்தில் முடி வெட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"அந்த மூலை மரம்! உச்சியைப் பாரு!" ஜன்னலிலிருந்து கணவரின் குரல் வந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். வீட்டிலும் ஜன்னல் ஓரம்தான் அவர் இடம்.

"பாத்தாச்சு. இன்னும் பறிச்சா மொட்டையாயிடும்."

"மொட்டையா இருந்தா கவாத்து பண்ணேன்னு சொல்லிக்கலாம். மஞ்சளா இருந்தா என்னத்தைச் சொல்றது?"

"காமாலைன்னு சொல்லுங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு கோணிப்பையை இழுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

தம்பி வருவது விருந்துக்கு மட்டும் இல்லை. பக்கத்து நிலம் விலைக்கு வந்திருக்கிறது. அதை அவன் வாங்கி, ஆரஞ்சு வைத்து, ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு அண்ணன் பக்கத்திலேயே இருந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் கட்டடங்களின் இருட்டுக் கூண்டுக்குள் மேலும் கீழும் போய் வந்தவன். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன, போன வருஷம் பெண்சாதியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். நகரத்தில் இருக்கும் ஃபிளாட்டை விற்றால்தான் நிலம் வாங்க முடியும். ஃபிளாட்டுக்கு ஆள் வந்தாயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் அவன் தரகருக்கு ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பிறகு அவனுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இருக்காது.

அந்த நினைப்புதான் விடிந்ததிலிருந்து அவளை விடவில்லை. ஏனென்றால் இந்த மேட்டு நிலத்தில் ஆரஞ்சு காய்க்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஆவி மண்டிய நீள அறையில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்து கண்ணாடி போடும் வயசு வரைக்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூட்டு உருளையில் கொடுத்து மடித்தவள். அங்கே அவளுக்குப் பெயர் 'மடிப்பு அக்கா'. அவள் மடித்த விரிப்பின் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். இரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணீர், அயோடின் கறைக்கு வேறு மருந்து, எதற்கும் போகாத கறைக்கு ஓரமாக ஒரு மூட்டை. அந்த மூட்டையைப் பற்றி யாரும் மேலிடத்தில் பேசுவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை சத்தமில்லாமல் அது கொதிகலன் அறைக்குப் போகும். அந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது துவைப்பதை மட்டும் இல்லை, வாயைத் திறக்காமல் இருப்பதையும்தான்.

கணவர் ஓட்டியது தொலைதூர வண்டி. பாதி வழியில் ரோடு இந்த மேட்டின் மேல் ஏறி, ஒரு மணி நேரம் நேராக ஓடி, மறுபுறம் இறங்கும். மரமில்லை, ஊரில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல்லும் முள்ளும், நடுவில் எங்கேயாவது ஆட்டு மந்தையும்தான். மற்ற டிரைவர்களுக்கு அங்கே வந்ததும் தூக்கம் வரும். இவருக்கு மட்டும் அந்த இடம் வந்தால் விழிப்பு வந்துவிடும். ரோட்டை அகலப்படுத்த ஓரத்தை வெட்டியபோது, வெட்டின சுவரில் மண் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"ஆள் உசரத்துக்கு மண்ணும்மா. ஒரு கல்லு கிடையாது. கேக்கு வெட்டின மாதிரி நிக்குது. மேல காப்பித்தூள் கலரு, கீழ போகப் போக வெளுத்துக்கிட்டே போவுது."

"கேக்குன்னா வாங்கிட்டு வர்றதுதானே?"

"வாங்கறேன் பாரு ஒருநாள்."

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தாள். அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவில்லை என்றால், சாப்பிடவும் படுக்கவும் எழுந்தார். அவ்வளவுதான். எதிரே வெறும் சுவர். வேலைக்குப் போகும்போது அவள் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போன டீ, திரும்பி வரும்போது ஆடை படர்ந்து அப்படியே இருக்கும். முகச்சவரம் நின்றுபோனது. கேட்டதற்குத் தலையசைப்பார். வலது கால் மட்டும் அவ்வப்போது தரையை மெதுவாக அழுத்தும், பிரேக் மிதிப்பது போல. அந்தக் காலைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் காலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவள் கூடுதல் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டு சலவைக்கூடத்திலேயே கிடந்தாள்.

அவர் எழுந்தது நிலத் தரகரின் விளம்பரத்தைப் பார்த்துத்தான். மேட்டு நிலம், விவசாயத்துக்கு ஏற்றது, கிணற்றுடன். இருவரும் போய்ப் பார்த்தார்கள். தரகர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். சமையலுக்கு ஊற்றுகிற வினிகர்தான். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து அதன் மேல் சொட்டினார். மண் 'சொர்ர்' என்று நுரைத்தது.

"பாத்தீங்களா சார், பொங்குது! உயிருள்ள மண்ணு. செத்த மண்ணுல ஊத்துங்க, சும்மா குடிச்சுட்டு கம்முனு கெடக்கும்."

பொங்குது என்ற அந்த ஒரு வார்த்தையில் அவர் விழுந்தார். அவளும்தான் விழுந்தாள். பால் பொங்குவதையும் வீட்டில் மகிழ்ச்சி பொங்குவதையும் நல்லதாகவே கேட்டு வளர்ந்த காது. மண்ணே பொங்குகிறது என்றால் அதில் கெடுதல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் முகச்சவரம் செய்துகொண்டார். அந்த வாரமே இருந்த வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொன்னபோது, அவள் சரி என்றாள். மண்ணுக்காகச் சொல்லவில்லை, சோப்பு நுரை பூசிய அந்தக் கன்னத்துக்காகச் சொன்னாள்.

குடிவந்த முதல் நாளே அவள் துணி துவைக்க உட்கார்ந்தாள். கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. வெள்ளையாகத் திரிந்து தயிர் மாதிரி மிதந்தது.

"இதென்ன கூத்து, மண்ணு பொங்குது, சோப்பு பொங்க மாட்டேங்குது!"

"உனக்கு ஆஸ்பத்திரி சோப்பு பழக்கம். இங்கே சுத்தமான தண்ணி. பிகு பண்ணிக்குது," என்றார் அவர்.

கன்று வைக்கக் குழி வெட்டுவதற்குக் கடப்பாரையே தேவைப்படவில்லை. மண்வெட்டி இழுத்த இழுப்புக்கு வந்தது. மேல்மண் பொலபொலவென்று இருந்தது. முழங்கால் ஆழத்துக்குக் கீழே மண்ணுக்குள் வெள்ளை நூல்கள் ஓடின, அதற்கும் கீழே அவரைக்கொட்டை அளவில் வெள்ளை உருண்டைகள். நகத்தால் கீறினால் மாவாகும். அவர் ஒரு உருண்டையை எடுத்துப்போய்ச் சமையலறைச் சுவரில் தம் பஸ்ஸின் ரூட் நம்பரை எழுதிப் பார்த்தார். சாக்பீஸ் மாதிரி எழுதியது.

"சுண்ணாம்புச் சத்து. பிள்ளைங்க எலும்புக்கு டாக்டர் எழுதிக் குடுக்கறாரே, அதே சமாச்சாரம். மரத்துக்கும் எலும்பு வேணும்ல?"

பக்கத்து மேய்ச்சலில் ஆடு வளர்க்கிற கிழவர் வேலிக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் எதையும் வேகமாகச் சொல்கிறவர் இல்லை.

"நம்ம ஆட்டுக்குக் கால் ஒடைஞ்சதே கெடையாது. புல்லு அப்படி," என்றார். "மரம்தான் இங்க யாரும் வெச்சுப் பாக்கலை."

"ஏன் வெக்கலை?" என்று கேட்டார் டிரைவர்.

"நான் கேட்டதில்லை."

முதல் இரண்டு வருஷம் கன்றுகள் நன்றாகத்தான் வந்தன. மூன்றாம் வருஷம் குருத்தில் மஞ்சள் தட்டியது. உரக்கடைக்காரர் இரும்புச்சத்துக் குறைவு என்று ஒரு மருந்து கொடுத்தார். இலைமேல் அடித்ததும் பத்துப் பதினைந்து நாளில் பச்சை பிடித்தது. டிரைவர் வீட்டுக்குள் ஓடிவந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அடுத்த குருத்து பழையபடி மஞ்சளாகவே வந்தது. மறுபடி மருந்து. இதற்கு நடுவில் அவரே சில வைத்தியங்களைக் கண்டுபிடித்தார். மரத்துக்குத் தெம்பு வேண்டும் என்று அடுப்புச் சாம்பலைத் தினமும் காலையில் வரிசை வரிசையாகப் போடச் சொன்னார். அது அவள் பொறுப்பு. ஒரு வாளியில் சாம்பலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கைப்பிடி தூவுவாள். ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு மரம் விட்டுப்போனாலும் தெரிந்துவிடும். பயணிகள் ஏறியதையும் இறங்கியதையும் கண்ணாடியில் பார்த்தே பழகின கண் அது.

மண் ஆபீஸிலிருந்து அந்தப் பெண் வந்தது இந்தச் சமயத்தில்தான். மேட்டு நிலத்தின் மண்ணையெல்லாம் அளந்து வகை பிரிக்கிற வேலை, ஜீப்பில் வந்திருந்தாள். டிரைவர் அன்றைக்குப் பழைய பஸ் டிப்போவுக்குப் போயிருந்தார். அந்தப் பெண் திருகாணி மாதிரி ஒரு நீளக் கம்பியைத் தரையில் திருகித் திருகி இறக்கி, எடுத்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் மேலிருந்து கீழாக வரிசையாக வைத்தாள். பிறகு ஒரு சொட்டு பாட்டிலை எடுத்தாள். மேல்மண்ணில் நுரைத்தது. கீழ்மண்ணில் இன்னும் அதிகமாக நுரைத்தது.

"பொங்குற மண்ணு," என்றாள் வீட்டம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"ஆமாம்மா, அடிவரைக்கும் பொங்குது. நல்ல ஆழமான மண்ணு. தண்ணி தேங்காது. மழை பெஞ்ச வருஷம் தானியம் போட்டா வரும். புல்லுக்குப் பிரமாதம்."

"ஆரஞ்சு?"

அந்தப் பெண் மரங்களைப் பார்த்தாள். பாட்டிலின் மூடியைத் திருகி மூட அவளுக்கு நேரமானது.

"பொங்கறது சுண்ணாம்பும்மா. செவத்தைச் சுரண்டி ஊத்தினாலும் இப்படித்தான் பொங்கும். மண்ணுல இரும்பு இல்லாம இல்லை. நெறையவே இருக்கு. சுண்ணாம்பு அதை மரத்துக்குக் குடுக்காம பிடிச்சு வெச்சுக்குது. சாப்பாடு எதிர்ல இருக்கு, கை கட்டிப்போட்டிருக்கு, அந்த மாதிரி."

"மருந்து அடிச்சா பச்சையாகுதே?"

"அடிக்கற வரைக்கும் ஆகும். காய்ப்புக்கு வரும்னு என்னால சொல்ல முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அடியில என்ன வெள்ளையா? சாம்பலா?"

"தினமும் போடறோம்."

"ஐயோ, போடாதீங்கம்மா. அதுவும் இதே குணம்தான். எரியறதுல எண்ணெய் விடற மாதிரி."

கெட்ட பெண் இல்லை. போகும்போது அவள் கையைப் பிடித்து, "ஐயா வந்ததும் நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள்.

ஐயா மாலையில் வந்தார். டிப்போ மெக்கானிக்குகள் ஒரு தகர டப்பா நிறையத் துருப்பிடித்த ஆணியும் போல்ட்டும் கொடுத்திருந்தார்கள். வேருக்குப் பக்கத்தில் புதைத்தால் இரும்பு ஊறும் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாதையில் வரும்போதே அவர் சீட்டி அடித்துக்கொண்டு வந்தார். டீ குடித்து முடிக்கட்டும், சொல்லிவிடலாம் என்று அவள் நின்றாள். டீயைக் குடித்துவிட்டு அவர் மண்வெட்டியோடு போய்விட்டார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பிடும்போது அவர் பழைய நண்பர்கள் என்ன சொன்னார்கள், யாருக்குச் சொட்டை விழுந்திருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாளும் சொல்லவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அது மண்ணைப் பற்றிய சேதி. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அது அவளைப் பற்றிய சேதி ஆகிவிடும். அந்த ஒரு மாதமும் போனது.

சாம்பலை மட்டும் நிறுத்திப் பார்த்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டிப்போய்ப் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டினாள். மூன்றாம் நாளே அவர் கேட்டார்: "ஏம்மா, நடு வரிசைக்கு சாம்பல் விழலையே, மறந்துட்டியா?" அதற்குப் பிறகு பழையபடி மரத்தடியிலேயே போட்டாள். கைப்பிடியைத்தான் சின்னதாக்கிக்கொண்டாள். விரலிடுக்கில் கொஞ்சம் அள்ளி, பெரிதாகக் கை வீசுவாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மரம் மஞ்சளாகவே நின்றது, அவர் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்தார். நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தது. இது போதும் என்று அவள் இருந்துவிட்டாள்.

தம்பிக்கும் நிலம் பார்ப்பார் என்று அவள் நினைக்கவே இல்லை.

அவன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். காரிலிருந்து காலை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"என்ன அண்ணே, மரமெல்லாம் மிலிட்டரிக்குப் போற மாதிரி முடி வெட்டியிருக்கு?"

"கவாத்துடா. உனக்கென்ன தெரியும், கயிறும் கப்பியும் தவிர?"

"இந்த வெயில்லயா கவாத்து?"

"இந்தப் பக்கம் இப்பத்தான்." டிரைவர் அவனுடைய தோளைத் தட்டிப் பேச்சை மாற்றினார். "இதுல நீ என்ன இளைச்சிட்டே? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?"

"முட்டைதான். காலையில வேகவெச்சது, ராத்திரி பொரிச்சது. கோழிக்கே என்னைப் பாத்தா பரிதாபம் வந்துரும்."

அண்ணனும் தம்பியும் பக்கத்து நிலத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். சமையலறையிலிருந்து அவள் பார்த்தாள். அண்ணன் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். தம்பி முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனான். ஓர் இடத்தில் அண்ணன் குனிந்து மண்ணை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அவன் அதைக் கீழே போடாமல் மூடிய கையோடே திரும்பி வந்தான். சாப்பிட உட்காரும்போதுதான் கையைக் கழுவினான்.

சூப்பும் ரொட்டியும் வைத்தாள். மேஜை சின்னது, மூன்று பேரின் முழங்கையும் இடித்துக்கொள்ளும்.

"அண்ணி, நீங்க வெச்ச சூப்புக்கே இங்க குடிவரலாம்."

"உப்பு போதுமா தம்பி?"

"எல்லாம் போதும்." கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுச் சுற்றினான். "அந்த வீட்டுல இருக்க முடியலை அண்ணி. அவ துணியெல்லாம் அலமாரியிலயே இருக்கு. தொறந்தா வாசனை வருது, தொறக்கலைன்னா உள்ள இருக்குன்னு தோணுது. இங்க வந்தா காலையில எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருக்கும். அண்ணனைப் பாருங்க, ரிடையர் ஆனப்ப எப்படி இருந்தாரு, இப்ப எப்படி இருக்காரு. அந்த மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும்."

"அதைத்தான் சொல்றேன்," என்றார் டிரைவர். "வேலியே வேணாம் நமக்கு நடுவுல. எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல காய்ப்புக்கு வந்துரும். உனக்கு அதுக்கப்புறம் மூணு வருஷம். என் தப்பெல்லாம் பாத்துட்டு நீ சரியா வைக்கலாம்."

"தரகர் சாயங்காலம் ஃபோன் பண்ணுவார். சரின்னு சொல்லிடட்டுமா?" அண்ணனைக் கேட்டவன், அவள் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்க இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலையே. வாங்கட்டுமா?"

"அவளை என்னத்தைக் கேக்கறே? தினமும் மண்ணுல கை வைக்கறவ அவ." டிரைவர் ரொட்டியைப் பிய்த்தார். "சொல்லும்மா, பொங்குற மண்ணா, இல்லையா?"

கல்யாணமாகி வந்தபோது இந்தத் தம்பி பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று அவளை முறைத்துப் பார்த்தவன். அவனுக்கு அவள்தான் சட்டை தைத்துக் கொடுத்தாள். அவன் இப்போதும் அப்படித்தான் பார்த்தான், வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு, மெல்லாமல்.

"பொங்குற மண்ணுதான்," என்றாள். "அதனாலதான் வேணாம்ங்கறேன்."

"என்னது?" என்றார் டிரைவர். சிரிப்பு பாதி வந்திருந்தது.

"பொங்கறது சுண்ணாம்பு. அது இருக்கற வரைக்கும் ஆரஞ்சு இங்க காய்க்காது. இலை பச்சை பிடிக்காது. நீ வாங்காதே தம்பி. வீட்டை வித்துட்டு வந்து நிக்காதே."

"யாரு, அந்த ஆட்டுக்காரன் சொன்னானா?"

"மண் ஆபீஸ்லேருந்து ஒரு அம்மா வந்தாங்க. ஆழமா எடுத்துப் பாத்துட்டுச் சொன்னாங்க."

"எப்ப?"

அவள் மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். "நீங்க டிப்போவுக்குப் போயிருந்தீங்க. ஆணி வாங்க."

அவர் அந்த நாளைத் தேடிப் பிடிப்பது முகத்தில் தெரிந்தது. பிடித்தார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த ஆணியைப் பொதைக்கறப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சாம்பல்?"

"அதுவும் ஆகாதுன்னு சொன்னாங்க."

"அப்புறமும் போட்டியே. தினமும் போட்டியேம்மா. நான் பாத்துக்கிட்டே இருந்தேனே."

"நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க," என்றாள் அவள். "அதனாலதான் போட்டேன்."

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, அண்ணி ஒண்ணும் கெடுதலுக்காகச்..."

"நீ சாப்பிடு," என்றார் டிரைவர்.

யாரும் சாப்பிடவில்லை. வெளியே ஆட்டுக்காரரின் மந்தை வேலியோரமாகப் போகும் சத்தம் கேட்டது. தம்பி ரொட்டித் துண்டைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தான். யாரிடம் என்று இல்லாமல் சொன்னான்: "அப்ப நான் அந்த வீட்டுலயேதான் இருக்கணும்."

"இங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு தம்பி. வந்து இரேன். நிலம் வாங்கினாத்தான் வரணுமா?"

"விருந்தாளியா எத்தனை நாள் அண்ணி இருக்க முடியும்?" அவன் எழுந்தான். எழுவதற்கு இரண்டு கைகளும் மேஜையும் தேவைப்பட்டன. "உண்மையைச் சொன்னீங்க, நல்லதுதான்," என்றான். நன்றி சொல்வது போல ஆரம்பித்த குரல் பாதியில் தாழ்ந்துவிட்டது. வெளியே போய்க் கார் கதவைத் திறந்து, உள்ளே உட்காராமல், கதவைப் பிடித்தபடியே நெடுநேரம் நின்றான். பிறகு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி எந்த கியரில் போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறவர், மீதி ரொட்டியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்தார்.

அவள் தம்பியின் கிண்ணத்தை எடுத்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. தன் கிண்ணத்தையும் எடுத்து அதன்மேல் அடுக்கினாள். கணவரின் கிண்ணத்துக்குக் கை நீட்டிவிட்டு, எடுக்காமல் நிறுத்தினாள்.

திட்டினால் தேவலை என்று இருந்தது. சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் ஒருத்தி இருந்தாள், கத்தித் தீர்த்துவிட்டால் மறுநாள் எதுவும் நடக்காத மாதிரி இருப்பாள். இவர் முப்பது வருஷத்தில் எதிரே வந்த வண்டிக்காரனைக்கூடத் திட்டாதவர். இப்போதும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டித் துணுக்குகளை ஒரு விரலால் ஒதுக்கி ஒதுக்கி வரிசையாக வைத்தார். பிறகு அந்த வரிசையைக் கலைத்தார்.

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வழக்கமாக இந்நேரம் அவர் கிணற்று மோட்டாரைப் போடச் சொல்லிக் குரல் கொடுப்பார். தினம் இரண்டு வரிசைக்குத் தண்ணீர், முறை வைத்து. எந்த நாளுக்கு எந்த வரிசை என்று அவருக்குத்தான் தெரியும். அவள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டதே இல்லை, வைத்துக்கொள்ளத் தேவைப்பட்டதும் இல்லை.

"ஏங்க," என்றாள். "இன்னைக்கு எந்த வரிசைக்குத் தண்ணி விடணும்?"

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும். துண்டை நாற்காலியின் முதுகில் போட்டார். அது ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. அதை எடுக்காமல், அவளைத் தாண்டி, அறையை விட்டு வெளியே போனார்.